கடலோரக் கேள்வி–பதில்: கடலை அளக்க யார் காசு கொடுப்பது?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு கேள்வி வைத்திருந்தோம்: கடலையும் கரையையும் ஆராய நம் அரசு செலவழிக்கும் பணம் போதுமா, போய்ச்சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரையுள்ள கரையிலிருந்தே வந்தவை. பதில் எழுதுபவர் காசிமேட்டில் பிறந்தவர். 1984 முதல் 2017 வரை ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தார். எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதுதான் அவர் வேலையின் பெரும்பகுதி.

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப ஆயிரக்கணக்கான கோடி செலவழிக்கிறார்களே! என்னிடம் படிக்கும் மீனவப் பிள்ளைகள் வீட்டில் புயல் வந்தால் அடுப்பு எரிவதில்லை. இது நியாயமா?
— பள்ளி ஆசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, என் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து மூலக்கொத்தளம் வரை நடந்தே விற்றவர். புயல் கூண்டு ஏறிய நாளில் எங்கள் வீட்டிலும் பழைய சோறுதான், அதுவும் மதியத்தோடு தீர்ந்துவிடும். அதனால் உங்கள் கேள்வியை நான் வெறும் கணக்காகப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்வது ஆழ்கடல் இயக்கம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.4,077 கோடி என்று ஒப்புதல் கொடுத்தது. எல்லாமே அந்த நீர்மூழ்கிக்குப் போகவில்லை. கடல் வெப்பமும் மட்டமும் இனி எப்படி மாறும் என்று கணிப்பது, ஆழ்கடல் உயிர்களைப் பதிவு செய்வது, கனிமம் கிடக்கும் இடங்களைத் தேடுவது, கடல் வெப்பத்திலிருந்து மின்சாரமும் குடிநீரும் எடுப்பது, கடல் உயிரியலுக்கு ஒரு உயர்நிலை ஆய்வு நிலையம் அமைப்பது என்று பல பிரிவுகள் அதில் உண்டு. மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைச் செய்வது 1993-ல் தொடங்கி, இப்போது நம் பள்ளிக்கரணையில் இயங்கிவரும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து போக வேண்டும். 6,000 மீட்டரில் அந்த உருண்டையைத் தண்ணீர் நெருக்கும் அழுத்தம் நாம் தரையில் தாங்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 600 மடங்கு. 2025 ஜனவரி, பிப்ரவரியில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது எங்கே தெரியுமா? நம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில். எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே.

இதை வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியாது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கனிம உருண்டைகளைத் தேடும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை ஒருநாள் யாராவது தோண்டத்தான் போகிறார்கள். தோண்டினால் அங்குள்ள உயிர்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து எழுதிவைக்க நம் ஆட்களே இறங்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. நீர்மூழ்கி இறங்கும் நாளில் அமைச்சர் வருவார், டி.வி. வரும். அதே துறைமுகத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் ஆற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மாதாமாதம் அளக்கும் வேலையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வராததாலேயே பணம் வெட்டும்போது முதலில் வெட்டு விழுவது அங்கேதான். உங்கள் பிள்ளைகளின் அடுப்புக்கும் இந்த மாதாந்திர அளவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஆற்றடியில் எங்கே கால் வைத்தாலும் காக்கா ஆழிச் சிப்பி. இறால் இல்லை, மஞ்சள் மட்டி இல்லை, பாதம் முழுக்க வெட்டுக்காயம். ஆய்வு செய்கிறோம் என்று வேன் வருகிறது, பாட்டிலில் தண்ணி எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். மறுபடி வேறு வேன், வேறு ஆட்கள். நாங்கள் ஒரே பதிலை எத்தனை பேருக்குச் சொல்வது? இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?
— கை இறால் பிடிக்கும் தொழிலாளி, காட்டுக்குப்பம்

அண்ணே, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். அந்த வேனில் வந்தவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் காக்கா ஆழி. அறிவியலில் இதற்கு மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்று பெயர். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. நம் ஊர் மட்டி அல்ல. இங்கே பரவும் முன்பே கேரளத்தில் அஷ்டமுடிக் காயலில் பரவி, அங்கே பச்சை ஆளியையும் காயல் மட்டியையும் ஒதுக்கித் தள்ளியது. கப்பல்கள் எடைக்காக அடிவயிற்றில் ஏற்றிவரும் தண்ணீரோடு இதன் குஞ்சுகள் வந்திருக்கலாம், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதக்கும். பிறகு உடலிலிருந்து நூல் போன்ற நார்களை விட்டு எதையாவது பிடித்துக்கொள்ளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாய் விரித்ததுபோல் அடியை மூடிவிடும். சேற்றுக்குள் புதைந்து பகலைக் கழிக்கும் இறாலுக்குப் புதைய இடம் இருக்காது. உப்பு குறைந்தாலும் கூடினாலும் தாக்குப்பிடிக்கும். பசுமைத் தீர்ப்பாயம் வரை இந்த விவகாரம் போனது உங்களுக்கே தெரியும்.

இனிப் பணம். மத்திய அரசில் கடலுக்கென்று தனித் துறை வந்தது 1981-ல். அதுதான் வளர்ந்து 2006-ல் புவி அறிவியல் அமைச்சகம் ஆனது. வானிலை, நிலநடுக்கம், துருவ ஆய்வு எல்லாம் சேர்த்து அதற்கு 2025-26 பட்ஜெட்டில் ரூ.3,600 கோடி சொச்சம். விண்வெளித் துறைக்கு அதே ஆண்டு ரூ.13,400 கோடி. அமைச்சகத்தின் சொந்த நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் சம்பளமும் கப்பல் செலவும் வந்துவிடும். ஆனால் எண்ணூர் போன்ற ஒரு இடத்தில் வேலை நடப்பது பெரும்பாலும் ‘திட்டம்’ என்ற பெயரில்தான். ஒரு பேராசிரியரோ விஞ்ஞானியோ முன்மொழிவு எழுதுவார். நிபுணர் குழு பார்க்கும், கேள்வி கேட்கும், திருத்தச் சொல்லும். மூன்று ஆண்டுக்கு அனுமதி கிடைக்கும். முதல் தவணையைச் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த தவணை. மார்ச் 31-க்குள் செலவழியாத பணத்துக்குத் தனி விளக்கம் எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்தால் வேன் நிற்கும், மாணவர் வேறு ஊருக்குப் போவார், நோட்டு அலமாரிக்குள் போகும்.

உங்களிடம் ஒரே கேள்வியைப் பல பேர் கேட்பதற்குக் காரணம் அதுதான். வேறு வேறு திட்டம், வேறு வேறு ஆட்கள். முந்தைய நோட்டு யாரிடம் இருக்கிறது என்று வருகிறவருக்கே தெரியாது.

ஒரு திட்டத்தில் மழைக்கு முன்னும் பின்னும் ஆற்றை அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். அனுமதி ஆவணியில் வந்தது. பணம் கைக்கு வந்தது தை மாதம். ஐப்பசியும் கார்த்திகையும் ஆற்றோடு போய்விட்டன. அந்த வருடத்து மழை இனி ஒருபோதும் திரும்பப் பெய்யாது. அறிக்கையில் ‘முதலாண்டு தரவு பகுதியளவே’ என்று ஒரு வரி எழுதினோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் நான் தண்ணீர் எடுத்த இடம் ஒன்று உண்டு. 125 மில்லி கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடித் தூக்க வேண்டும். இரண்டு மருந்து விட்டு ஆட்டினால் உள்ளே படிவு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் காப்பித்தூள் நிறம். இல்லையென்றால் பால் வெள்ளை. ஆய்வுக்கூடத்துக்குப் போய் எண் கண்டுபிடிக்கும் முன்பே படகில் வைத்தே ஆற்றின் நிலை தெரிந்துவிடும். படகோட்டும் அண்ணன் பாட்டிலை எட்டிப் பார்த்து, “இன்னிக்கு வெள்ளையா காப்பியா?” என்று கேட்பார். அந்த இடத்தில் 2009 வரை மாதந்தோறும் எடுத்தோம். அந்த ஆண்டோடு திட்டம் முடிந்தது. நீட்டிக்கக் கேட்டோம். ‘புதுமை இல்லை’ என்று பதில் வந்தது.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் தார் போன்ற எண்ணெயை ஜனங்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெறச் சில மாதமே இருந்த நான் அதே பழைய இடத்துக்குப் பாட்டிலோடு போனேன். அளவு கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, மோதலுக்கு முந்தைய மாதத்து அளவு எங்களிடம் இல்லை. முந்தைய வருடத்ததும் இல்லை. கடைசியாக இருந்தது எட்டு வருடத்துக்கு முந்தையது. எண்ணெயால் எவ்வளவு கெட்டது, அதற்கு முன்பே ஆலைத் தண்ணீராலும் சாம்பலாலும் எவ்வளவு கெட்டிருந்தது என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களைப் போன்றவர்கள் நஷ்டஈடு கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் கேட்பது ‘முன்னால் எப்படி இருந்தது’ என்றுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி ஆற்றில் எண்ணெய் வந்தபோதும் அதே கேள்வி எழுந்திருக்கும். நான் அப்போது வீட்டில் இருந்தேன்.

காக்கா ஆழிக்கும் இதே கதைதான். முதல் கொத்து ஒட்டிய மாதத்தில் யாராவது அதே இடத்தில் மாதாமாதம் அடி மண்ணை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு படகு ஆட்களை வைத்தே சுரண்டி எடுத்திருக்கலாம். இப்போது அகற்றுவதற்கே அறிவியல் தேவைப்படுகிறது: எந்த மாதம் அது முட்டை விடுகிறது, எந்த மாதம் கிளறினால் குறையும், எந்த மாதம் கிளறினால் பரவும் என்று தெரியாமல் இயந்திரத்தை இறக்கினால் ஆறு இன்னும் மோசமாகும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் உங்கள் ஆட்களையே கூலி கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தப் பள்ளத்தில் எப்போது முதலில் கால் வெட்டியது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது தரவு. தரவுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்பது ஆராய்ச்சி செய்து வைத்ததா, யாரோ ஆபீசில் உட்கார்ந்து போட்டதா?
— விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் எப்போது சினைப்படுகிறது என்பது அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேலையை 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறது. உங்கள் துறைமுகத்தில் நோட்டோடு நின்று கூடையை எண்ணுகிறவர்களும் அவர்கள் ஆட்கள்தான். எல்லாப் படகையும் எண்ண முடியாது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட படகுகளை எண்ணி மொத்தத்தைக் கணிப்பார்கள். நாட்டின் கடல் மீன் பிடிப்புக் கணக்கு இப்படித்தான் பிறக்கிறது. அவர் கேட்டால் எங்கே வலை விட்டீர்கள், எத்தனை மணி நேரம் இழுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள் தம்பி. தவறான எண் சொன்னால் அடுத்த தடைக்காலமும் தவறான எண்ணின் மேல்தான் நிற்கும்.

எல்லா மீனும் சித்திரை, வைகாசியில் சினைப்படுவதில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்வது உண்மை. ஒவ்வொரு இனத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

கடல் எங்கள் தெருவைத் தின்றுவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது வாசலில் கோலம் போட்டு, அதைத் தாண்டி மணல், அதையும் தாண்டித்தான் கடல். இப்போது பாறாங்கல். துறைமுகம் கட்டியதுதான் காரணம் என்று பாட்டிக்கும் தெரியும். இதற்குக்கூட ஆராய்ச்சி எதற்கு?
— இல்லத்தரசி, திருவொற்றியூர்

காரணம் பாட்டி சொன்னதுதான் அம்மா. நம் கரையில் மணல் வருடம் முழுதும் இரண்டு பக்கமும் நகரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினாவில் இன்று அத்தனை பேர் காலாற நடக்கும் அகன்ற மணல் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்தது. வடக்கே வரவேண்டிய பங்கு வரவில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் தன் பசிக்குக் கரையையே எடுத்துக்கொண்டது. மெரினாவில் மணலைப் பார்க்கும்போதெல்லாம் அது உங்கள் வாசல் என்று எனக்குத் தோன்றும்.

ஆராய்ச்சி தேவைப்படுவது காரணம் சொல்ல அல்ல. அடுத்து என்ன செய்வது என்று சொல்ல. கடலுக்குள் நீட்டிக் கல் போட்டால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் அரிக்கும். உங்கள் தெருவைக் காப்பாற்றும் கல் அடுத்த குப்பத்தின் வாசலை எடுத்துவிடும். எத்தனை நீளம், எத்தனை இடைவெளி, எங்கே முடிப்பது என்று சொல்ல அலையின் உயரம், வரும் திசை, அடியின் ஆழம் எல்லாம் பல வருடங்களுக்கு வேண்டும். பள்ளிக்கரணையிலேயே உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில் நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது. படம் மேலிருந்து கோட்டைக் காட்டும். தண்ணீருக்கு அடியில் மணல் எவ்வளவு போனது என்று காட்டாது. அதற்கு ஆள் படகில் போய் ஆழம் பார்க்க வேண்டும், மழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு வருடமும்.

உங்கள் கல்யாணப் படத்தில் பின்னால் கடற்கரை தெரிந்தால் பத்திரமாக வையுங்கள். தேதி இருக்கும் படம் ஒரு சர்வேக்குச் சமம்.

மீன் எங்கே இருக்கும் என்று போனில் இலவசமாகச் செய்தி வருகிறது. இதற்குப் பின்னால் பெரிய செலவு என்கிறார்களே?
— ஃபைபர் படகு வைத்திருப்பவர், நெட்டுக்குப்பம்

ஹைதராபாத்தில் 1999-ல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அனுப்புவது அது. கடலின் மேல்பரப்பு எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே பச்சையம் கூடியிருக்கிறது என்று செயற்கைக்கோள் பார்க்கும். இரண்டு தண்ணீர் சந்திக்கும் ஓரத்தில் இரை சேரும், இரை சேர்ந்தால் மீன் சேரும். உங்கள் அப்பா தண்ணீர் நிறத்தையும் பறவையையும் பார்த்துக் கண்டுபிடித்ததையே அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த மையத்தைப் பற்றி நான் நினைக்கும்போது மீன் ஞாபகம் வருவதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரம் காலை ஆறரை. நம் கரைக்குத் தண்ணீர் வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் தெருவில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சொல்ல யாரும் இல்லை. சொல்வதற்கான கருவியும் இல்லை. சாயங்காலம் மூன்று வீட்டில் ஒப்பாரி. கடல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு தாய் கேட்டாள்.

2007 அக்டோபரில் அதே ஹைதராபாத் மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எங்கள் தெருவுக்குச் செய்தி முதலில் வந்தது. பெரிய அலை வரவில்லை. ஜனங்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள் தம்பி. கடலை அளந்து கரைக்குச் செய்தி அனுப்ப நடுக்கடலில் மஞ்சள் மிதவைகள் நிற்கின்றன. அதன் நிழலில் மீன் கூடும் என்பதால் சிலர் அதில் படகைக் கட்டுகிறார்கள், வலையும் மாட்டிக்கொள்கிறது. சிலர் பாகங்களைக் கழற்றியும் எடுத்துவிடுகிறார்கள். ஒரு மிதவை பேசாமல் போனால் அதைச் சரிசெய்யக் கப்பல் போக வேண்டும். கப்பல் ஒருநாள் ஓடும் டீசல் செலவில் ஒரு கழிமுகத்தை வருடம் முழுக்க அளந்துவிடலாம் என்று எங்கள் கூடத்தில் பேசிக்கொள்வோம். உங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் இதைச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். கடல் உயிரியல் படிக்க ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். வேலை கிடைக்குமா?
— மாணவி, கொருக்குப்பேட்டை

படிக்க இடம் உண்டு மகளே. பரங்கிப்பேட்டையில் 1961 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. இந்தத் துறையில் நம் நாட்டின் பழைய பள்ளிகளில் ஒன்று. மீன்வளம் என்றால் பொன்னேரியிலேயே கல்லூரி இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து ரயிலில் போய்வரலாம்.

அப்பாவின் பயத்தையும் தள்ளிவிட மாட்டேன். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023-ல் மாதம் ரூ.31,000-லிருந்து ரூ.37,000 ஆனது, வீட்டு வாடகைப் படி தனி. காகிதத்தில் நல்ல தொகை. மாதாமாதம் வந்தால் நல்ல தொகை. என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்திக்கு ஏழு மாதம் வரவில்லை. தவணை தாமதம் என்று ஒரே வார்த்தை. தண்டையார்பேட்டையில் அறை வாடகைக்கு அவள் கம்மலை வைத்தாள். காலையில் அதே கையால் என்னோடு பாட்டில் பிடித்தாள், ஒரு மாதிரிகூடத் தவறவில்லை. நிரந்தர வேலைகள் குறைவு, அதுவும் உண்மை. ஒரு திட்டம் முடிந்து இன்னொரு திட்டம் என்று முப்பத்தைந்து வயது வரை ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடல் ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் கப்பலும் கருவியும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு சரியான தேதியில் போய்ச்சேரும் சம்பளம். 2022-ல் ஆய்வுக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. சலுகையை எடுத்து 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். அதைப் பற்றி விஞ்ஞானிகள் குரல் கொடுத்தார்கள். உதவித்தொகைத் தாமதத்தைப் பற்றி அவளுக்காகக் குரல் கொடுத்தது அவள் மட்டும்தான். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நீ படி. சேரும் இடத்தில் உதவித்தொகை எத்தனை மாதம் தாமதமாகிறது என்று அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் முதலில் கேள். நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள். அப்பாவை இந்தப் பதிலைப் படிக்கச் சொல்.

மற்ற நாடுகள் எவ்வளவு செலவழிக்கின்றன?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பெரம்பூர்

யுனெஸ்கோவின் கீழுள்ள அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையம் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நாடுகள் தங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் கடலுக்கு ஒதுக்குவது சராசரியாக 1.7 சதவீதம். சில நாடுகளில் 0.03, சிலவற்றில் 11.8 வரை. நம் நாடு எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவழிப்பதே மொத்த உற்பத்தியில் 0.64 சதவீத அளவில்தான் இருக்கிறது. சிறிய இலையில் இன்னும் சிறிய ஓரம் கடலுக்கு. ஒன்பது மாநிலங்கள் கடலோரத்தில் இருக்கும் நாட்டுக்கு இது பொருத்தமில்லை என்பதே என் கருத்து.

2023-ல் சட்டம் இயற்றி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைத்தார்கள். ஐந்தாண்டில் ரூ.50,000 கோடி என்றார்கள். அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. மருந்துக்கும் மின்சாதனத்துக்கும் தனியார் கொடுப்பார்கள். எண்ணூர்ச் சேற்றில் எத்தனை புழு இருக்கிறது என்று இருபது வருடம் எண்ண எந்தத் தனியார் காசு கொடுப்பார்? அது பொதுப் பணத்தில்தான் நடக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடி என்று நிபந்தனை போடாமல், எண்ணுவதற்காகவே ஒரு நிரந்தரத் தலைப்பு பட்ஜெட்டில் வேண்டும்.

பணம் வரும்வரை நாங்களே அளக்கலாமா? எங்கள் குழுவில் பதினான்கு பெண்கள். ஆற்றில் நண்டும் இறாலும் எடுப்பவர்கள்.
— சுய உதவிக் குழுத் தலைவி, முகத்துவாரக்குப்பம்

தங்கச்சி, தாராளமாக அளக்கலாம். தண்ணீர் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர். உப்பு பார்க்கக் கையடக்கமான ஒரு ஒளிவிலகல்மானி உண்டு, ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் எண் தெரியும். தண்ணீர் கலங்கல் பார்க்க சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தகரத் தட்டை வாங்கி, நான்காகப் பிரித்து வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி அடித்து, நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு கல். கண்ணுக்கு மறையும்வரை இறக்கிக் கயிற்றில் முடிச்சை எண்ணுங்கள்.

இடம் மாற்றாதீர்கள். பாலத்தடியில் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மூன்று போதும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அதே நேரம். தேதி, நேரம், தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று வாடையா கொண்டலா, அன்று எத்தனை பேர் இறங்கினீர்கள், எத்தனை கிலோ இறால், காக்கா ஆழி காலில் பட்டதா, எல்லாம் எழுதுங்கள். அழுத்தி எழுதும் பேனா வேண்டாம், பென்சில். நனைந்தால் அழியாது. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், ‘ஒன்றும் இல்லை’ என்று. அந்த வரிதான் பின்னால் ரொம்ப உதவும்.

2009 வரைக்குமான என் நோட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒரு இடம் நான் எடுத்த இடமாகவே இருக்கட்டும். அலையாத்திப் பக்கம் பழைய மரத்தூண் ஒன்று நிற்கும், அதற்குக் கிழக்கே இருபது அடி. பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் நகலோடு வருகிறேன். ஐப்பசி பிறக்கும் முன் முதல் அளவை எடுத்துவிடுவோம். மழைத்தண்ணீர் இறங்கிவிட்டால் உப்பு சரசரவென்று குறைந்துவிடும்.